பீரோவுக்குள் தலையில்லாத போலீஸ்காரர்

"காலிக் குப்பிய பீரோவுல வச்சுப் பூட்டுதியே ரசீதா... அப்ப பீரோவ எதுக்குள்ள வச்சுப் பூட்டுவே?"

கல்யாணமான புதிதில் மாமியார் மீரா பீவி கேட்ட கேள்வி.

ரசீதா பதிலை வாய்க்குள்ளேயே முனகினாள். அவள் யாருக்குமே சத்தமாகப் பதில் சொன்னதில்லை.

பதினோரு வருஷம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை. பகல் மூன்று மணி. அதே பீரோவைத் திறந்தவள்...

வீறிட்டாள்!

போனை எடுத்து நம்பரை அழுத்தினாள்.

"போலீஸ் ஸ்டேஷன். சொல்லுங்க."

"சார்... ஒரு போலீஸ்காரர்..."

"சத்தமா பேசும்மா!"

"எங்க வீட்டு பீரோவுல... தலை இல்லாம நிக்காரு!"

தெருப் பெயரைச் சொன்னதுமே போன் கீழே விழுந்தது.

எட்டே நிமிடம்! ஜீப் வந்து நின்றது. துப்பாக்கியோடு குதித்தார் எஸ்.ஐ. பெனிட்டா. பின்னால் லத்தியோடு ஏட்டு பெத்துராஜ்.

"பாடி எங்க?"

ரசீதா விரல் நீட்டினாள்.

பாடியின் உயரம் நாலு அங்குலம். கண்ணாடி. நீலக் கோட்டு, தொப்பை, ஏழு பொத்தான். கழுத்துக்கு மேலே... ஒன்றுமில்லை!

"சென்ட் பாட்டிலா?" துப்பாக்கி உறைக்குள் போனது. "ஏம்மா, இதுக்கா சோத்துக் கையோட ஓடி வந்தேன்?"

"பிரெஞ்சு போலீஸ் மேடம். பாரிஸ்ல லூர்மோன்னு ஒரு கம்பெனி. மூணே வருஷந்தான் நடந்துது. தொள்ளாயிரத்து இருபத்தேழுல மூடிட்டாங்க." ரசீதாவின் குரல் கொசு அளவு. "எங்க வீட்டுக்காரரு துபாய்ல ஏலத்துல எடுத்துக் குடுத்தாரு. தலைதான் மூடி. மீசை, தொப்பி எல்லாம் இருக்கும்."

"வேற மூடி போடேன். டானிக் பாட்டில் மூடி?"

"உக்காராது மேடம். ஒவ்வொரு தலையையும் அதனதன் கழுத்துக்குன்னே தேய்ச்சு, நம்பர் போடுவாங்க. இவருக்கு இருபத்தேழு."

"சரி, என்ன அவசரம்?"

ரசீதாவின் கண் நிறைந்தது. "நாலு மணிக்குப் பாண்டிச்சேரியிலேருந்து ஒருத்தர் வாராரு. குப்பி சேக்கறவங்க சங்கம். முழுசா இருந்தா அவங்க புஸ்தகத்துல படம் போட்டு, கீழ எம்பேரு போடுவாங்க. நான் எட்டாவதோட நின்னவ மேடம். எம்பேரு எதுலயுமே அச்சாகல. ரேஷன் கார்டுலகூட 'மனைவி'ன்னு விட்டுட்டான்."

பெனிட்டா கடிகாரம் பார்த்தார். மூன்று இருபது!

"பீரோ சாவி யாருட்ட?"

"மாமி இடுப்புல. மாசத்துக்கு ஒருக்கத்தான் வாங்கித் திறப்பேன்."

மீரா பீவி சிலிர்த்துக்கொண்டாள். "அல்லா! நான் எந்தத் தலையையும் தொடல! என்னத்துக்கு எனக்குத் தலை? எந்தலையே போதாதா?"

"ஏட்டய்யா, வீட்டைச் சோதனை போடுங்க."

பெத்துராஜ் கட்டிலுக்கடியில் குனிந்தார். அரிசிப் பானைக்குள் எட்டிப் பார்த்தார். ரசீதாவைத் தாண்டிப் போனார்...

ரசீதாவின் மூக்கு விடைத்தது!

கிராம்பு... பழைய தோல் செருப்பு... கருகிய ரோஜா! உலகத்தில் ஒரே ஒரு குப்பிக்கு உள்ள வாசனை!

"மேடம்!"

பக்கத்து வீட்டுக்கே கேட்டது. மாமியார் மிரண்டு போனாள்.

"ஏட்டய்யாவத் தொப்பியக் கழத்தச் சொல்லுங்க!"

பெத்துராஜின் முகம் வெளிறியது. தொப்பி மெல்ல இறங்கியது. அதன் உள்மடிப்பில் மீசை முறுக்கிச் சிரித்தது ஒரு கண்ணாடித் தலை!

"ஏட்டய்யா... நீங்களா?" பெனிட்டா திடுக்கிட்டார்.

"நான் திருடல மேடம்! பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தப்ப இந்த பீவிம்மாதான் குடுத்தாங்க!"

"மூடிதான குடுத்தேன்?" மீரா பீவி கையை விரித்தாள். "மண்டையப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தாரு. நான் பீரோவத் திறந்தப்பப் பாத்துட்டுக் கேட்டாரு, பாவமா இருந்துது."

"தலைவலிக்கு மூடி எதுக்கு ஏட்டய்யா?"

பெத்துராஜ் எச்சில் விழுங்கினார்.

"நம்ம கோயில்ல, வலிக்கிற உறுப்பத் தகட்டுல வாங்கி உண்டியல்ல போடுவோம்லா மேடம்... மூணு தலை போட்டுட்டேன். கேக்கல. அப்பறந்தான் புரிஞ்சுது. கடையில விக்கிற தலையில தொப்பி இல்ல! அது போலீஸ் தலைன்னு சாமிக்கு எப்படித் தெரியும்?"

பெனிட்டா தன் தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"மூணு வெள்ளிக்கிழமை தலையில வச்சு சுத்திட்டுப் போடுறதா நேந்துக்கிட்டேன். இன்னைக்கு மூணாவது வெள்ளி. பதினஞ்சு நாளா வலியே இல்ல மேடம்! சாயங்காலம் போட்டுட்டேன்னா..."

"குடுங்கய்யா அதை!"

நாலு மணி. பாண்டிச்சேரிக்காரர் பூதக்கண்ணாடியை எடுத்தார். கழுத்தைப் பார்த்தார். தலையைக் கவிழ்த்துப் பார்த்தார். இருபத்தேழு... இருபத்தேழு! மெதுவாகத் திருகினார். க்ளிக்!

"பிரமாதம்! பேரு சொல்லுங்கம்மா, எழுதிக்கிறேன்."

"ரசீதா!"

தெருவே திரும்பிப் பார்த்தது.

வாசலில் நின்ற பெத்துராஜ் அந்தக் கண்ணாடி மீசையைக் கடைசியாக ஒருமுறை பார்த்தார். நெற்றிப்பொட்டை இரண்டு விரலால் அழுத்தினார். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கினார். படியிறங்கிப் போனார்.

ஒரு போலீஸ்காரருக்குத் தலை திரும்பி வந்துவிட்டது... இன்னொருவருக்குத் தலைவலி!