மடக்கு இருக்கை

1958 செப்டம்பர் 9, பகல் 2.10. மூன்றாவது டேக். ஸ்டியரிங்கில் கிளைட். பின்சீட்டில் இடப்பக்கம் கதாநாயகி, வலப்பக்கம் கதாநாயகன். கிளைட்டின் முதுகுக்குப் பின்னால் மடக்கு இருக்கை மடிந்தே இருந்தது. அதில் யாரும் இல்லை.

வெர்னா இப்படித்தான் எழுதியிருந்தாள். யார் எங்கே உட்கார்ந்தார்கள், எந்தக் கையில் சிகரெட் என்று டேக் டேக்காகக் குறித்து, மாலையில் ஃபிலிம் டப்பாக்களோடு எடிட்டருக்குக் கடிதமாக அனுப்புவது அவள் வேலை. பதினோரு வருடத்தில் ஒரு குறிப்பும் பிசகியதில்லை. ஆனால் ஒரே நிமிடத்தில் படம் தரும் கேமராவில் அவள் எடுத்த படத்தில் அந்த இருக்கை விரிந்திருந்தது.

மொஹாவி பாலைவனத்தின் காய்ந்த ஏரிப்படுகையில் தூசியும் பெட்ரோலும் மணக்க, நீளமான கறுப்புப் பேக்கார்டு கார் வெயிலில் பளபளத்து நின்றது. கதவைத் திறந்தபோதோ நனைந்த கம்பளியின் வாடையும், எங்கோ அடியில் நீர் சொட்டும் ஓசையும் மெல்ல வந்தன.

நான்காவது டேக்கின் படத்தில் அந்த இருக்கையின் மெத்தை அமுங்கியிருந்தது. ஐந்தாவதில், ஈரமான ஒரு சட்டைக்கை கிளைட்டின் தோள்வரை நீண்டிருந்தது.

அடுத்தது கடைசி ஷாட். அவள் தம்பி கிளைட் தனியாக, முழு வேகத்தில் ஓட்ட வேண்டும்.

"லாட்டிமர் சார், அவனை அனுப்பாதீங்க!" படங்களை டைரக்டரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஃபிலிமுல வெளிச்சம் புகுந்திருக்கும்மா. இந்த வண்டி நாப்பது படத்துல நடிச்சிருக்கு. உன் தம்பியைவிட அதுக்கு அனுபவம் ஜாஸ்தி."

கிளைட் சிரித்தான். "கட்டிலுக்கு அடியில பேய் இருக்கான்னு பாக்க சின்ன வயசுல என்னைத்தானே அனுப்புவே? இப்ப மட்டும் என்னக்கா?"

அந்த இடத்தில் ஆள் இருந்தால் வேறொன்று உட்கார முடியாது. வெர்னாவுக்கு வேறு வழி தோன்றவில்லை.

"அப்ப நானும் வரேன். கேமராவுக்குத் தெரியாம குனிஞ்சுக்கறேன்."

மேக்கப் போடும் ஐரீனிடம் தன் கேமராவைக் கொடுத்தாள். "வண்டி நின்னதும் ஒரு படம் எடுடி."

இருக்கையை விரித்து உட்கார்ந்தாள். பாவாடை வழியே குளிர் ஏறியது. வண்டி உறுமிக் கிளம்பியது. கிளைட் விசிலடித்துக்கொண்டே வேகத்தைக் கூட்ட, தூசி கண்ணாடிகளை மூட, உள்ளே மெல்ல இருட்டியது.

விசில் நின்றது.

சொட்டுச் சத்தம் மட்டும்.

கிளைட்டின் தலைமுடியிலிருந்து ஒரு துளி நீர் கழுத்தில் வழிந்தது.

"கிளைட்?"

திரும்பவில்லை.

அவளுக்குப் பின்னால், காலியான பின்சீட்டில், யாரோ கண்ணாடியை உள்ளங்கையால் அறைந்தார்கள். மீண்டும். மீண்டும். அவளால் திரும்ப முடியவில்லை.

வண்டி நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். தம்பி இறங்கி, தம்பியின் நடையில் போனான்.

ஐரீன் படத்தைக் கொடுத்தாள். ஸ்டியரிங்கில், கிளைட்டின் தொப்பிக்குக் கீழே, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஈரம். பின்சீட்டில் கிளைட். வாய் பிளந்து, கண்ணாடியில் கைகளை ஊன்றி.

வெர்னா ஓடிப்போய்ப் பின்சீட்டைத் தடவினாள். யாருமில்லை. ஈரம் மட்டும்.

எழுதினாள். யார், எங்கே, வரிசையாக. "கடைசி ஷாட். மடக்கு இருக்கையில் நான். பின்சீட்டில் கிளைட், இன்னும் அங்கேதான் இருக்கிறான். எப்படியாவது வெளியே எடுங்கள். ஸ்டியரிங்கில் இருப்பது என் தம்பி இல்லை." படத்தையும் உறைக்குள் வைத்தாள்.

"அக்கா, கவர் ரெடியா? டப்பாவெல்லாம் ஏத்தியாச்சு. நானே கொண்டு போறேன்."

 தம்பியின் குரலில் பேசிய அது, உறையை அவள் கையிலிருந்து எடுத்து, மடிப்பை நிதானமாக நக்கி, ஒட்டியது. விரல் பட்ட இடத்தில் விலாசத்தின் மை கரைந்தது.

கறுப்பு வண்டி ஏரிப்படுகையைத் தாண்டிப் போனது. பின்கண்ணாடியில், உள்ளிருந்து, இரண்டு உள்ளங்கைகள்.