பச்சைப் பட்டை

இசக்கிமுத்து ரத்தம் கக்கியபோதும் அவன் மணிக்கட்டில் பட்டை பச்சையாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

காபித்தூளைக் கரைத்துக் கொட்டியது போலச் சரக்கு மேடையெல்லாம் கறுப்பு. அவனுக்குக் கால் துவண்டுவிட்டது, தலை தொங்கிவிட்டது. ஆனால் அவன் மாட்டியிருந்த தோள்வலு மட்டும் நிற்கவில்லை. அந்த இரும்புச் சட்டகம் மயங்கிக் கிடந்தவனைத் தன்னுள்ளே வைத்துக்கொண்டே குனிந்தது, மூட்டையைப் பிடித்தது, நிமிர்ந்தது. செத்த மீனைத் தூண்டிலில் ஆட்டுவது போல அவன் ஆடினான்.

"நிறுத்துங்கலே அத!" என்று கத்திக்கொண்டு ஓடினாள் அந்தச் சுமையாள் செட்டின் தலைவி செண்பகவடிவு. "லூர்து, பின்னால கொண்டியத் தட்டுல!"

"தட்டுதேன் யக்கா, விடமாட்டேங்கு. பட்டை பச்சையா இருந்தா வேலை முடியாம விடாதுல்லா!"

கடைசியில் அவள் தன் தோள்வலுவின் கையாலேயே அவனுடையதன் கொண்டியை முறித்தாள். அவளுக்கும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டாள்.

வடமுனைத் துறைமுகத்தில் பளுவைச் சுமப்பது தோள்வலுதான். ஆனாலும் திரும்புவதும் வளைவதும் ஆளுடைய இடுப்புத்தானே. சாயங்காலம் ஆனால் முதுகு வெட்டிப் போட்டது போலக் கிடக்கும். அதற்குக் கம்பெனி வாசலிலேயே வலி மாத்திரை கொடுத்தது. கேட்கிற அளவுக்குக் கொடுத்தது. முன்பெல்லாம் வெறும் வயிற்றில் அதைப் போட்டால் நெஞ்சு எரியும், வயிறு கடையும், மனிதன் பயந்துபோய் நிறுத்துவான். அந்தப் பயத்தைப் போக்கத்தான் குடல்காவலி வந்தது.

புளியங்கொட்டை அளவு இருக்கும். விழுங்கினால் இரைப்பைக்குள் போய் மொட்டு அவிழ்வது போல விரிந்து உட்கார்ந்துகொள்ளும். புண் ஆறுவதற்கான மருந்து அதன் வயிற்றில். சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் அமிலத்தை அடக்கும் மருந்தைக் கசியவிடும். எல்லாம் சரியென்றால் பட்டையில் பச்சை, புண் தெரிந்தால் மஞ்சள். ரத்தம் தெரிந்தால் சிவப்பு, தோள்வலு அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். காவலி இருக்கிறது என்ற தைரியத்தில் ஆட்கள் வலி மாத்திரையைக் கடலைமிட்டாய் போலத் தின்றார்கள். எரிச்சலே இல்லை. பசிகூடத் தெரியவில்லை. பசி தெரியாதவனுக்குச் சாப்பாட்டு மணி எதற்கு? கப்பல் அவசரமென்றால் மணியே அடிப்பதில்லை.

அப்படியென்றால் இசக்கிக்கு ஏன் சிவப்பு எரியவில்லை?

அது போன வருஷத்துக் கதை. சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா முடிந்த மறுநாள். வெட்டிய கிடாக்களின் ரத்தத்தைப் பொரியல் செய்து செட்டு மொத்தமும் தின்றுவிட்டு வேலைக்கு வந்தது. வந்த அரைமணியில் ஒருத்தர் பாக்கியில்லாமல் பட்டை சிவப்பு. தோள்வலுக்கள் எல்லாம் பொம்மை மாதிரி நின்றன. காவலியைச் செய்தவர்கள் எந்த ஊரிலோ ரத்தம் தின்னாத ஆட்களை வைத்துச் சோதித்திருந்தார்கள். வயிற்றில் ரத்தம் என்றால் அது அந்த வயிற்றுடைய ரத்தம் என்றே அந்த இயந்திரத்துக்குப் பாடம்.

அன்று எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மாடசாமி மிஷினயே நிப்பாட்டிட்டான் பாத்தியளா!" என்று லூர்து சிலுவை போட்டுக்கொண்டு குதித்தான். செண்பகவடிவும் சிரித்தாள். மேலாளர் பரஞ்சோதி மட்டும் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து அந்தச் செட்டுக்கு மஞ்சளும் சிவப்பும் எரிவதே இல்லை, எப்போதும் பச்சைதான். கம்பெனி சரி செய்துவிட்டது என்று நினைத்தார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் ரெஜினா இசக்கியின் வயிற்றுக்குள் குழாய்க்கண்ணை விட்டுப் பார்த்து, கசிந்த இடத்தைச் சுட்டு அடைத்தாள். வெளியே வந்தபோது அவள் முகத்தைப் பார்க்கவே பயமாயிருந்தது.

"மலம் கறுப்பாப் போச்சான்னு கேட்டேன். மூணு வாரமாப் போகுதாம். ஏன் வரலைன்னா, ரத்தப் பொரியல் தின்னா அப்படித்தான் போகும்ங்கிறார்."

"அப்படித்தான போவும்மா?" என்றாள் செண்பகவடிவு. "எனக்குங்கூட அப்படித்தான். நான் இரும்புச்சத்து மாத்திரை போடுதேன், அதுனால."

"பொரியல் தின்னா ஒருநாள், ரெண்டுநாள். மூணு வாரமாவா? தார் மாதிரி, நாத்தமா, பிசுபிசுன்னு போனா அது வயித்துக்குள்ள ரத்தம். உடனே ஓடி வரணும். அப்புறம் இன்னொண்ணு. போன தடவை வந்தப்பவே இவர் வயித்துல புண்ணாக்குற கிருமி இருந்துது. அதுக்கு நான் ரெண்டு வாரத்துக்கு மாத்திரை கொடுத்தேன். முழுசாப் போடணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். பாதிய என்ன பண்ணினார்?"

லூர்து தரையைப் பார்த்தான். "எனக்கும் எரிஞ்சுது டாக்டர். அதான் பாதி தந்தான்."

செட்டில் எது வந்தாலும் பங்குதான். டீ வந்தாலும் பீடி வந்தாலும் கொடைச்சோறு வந்தாலும். மாத்திரைக்கு மட்டும் தனிச்சட்டமா என்ன?

"ரெண்டு பேருக்கும் கிருமி சாகல. இப்ப அது அந்த மருந்துக்குப் பழகியிருக்கும்," என்றாள் டாக்டர். "உங்க காவலி நல்ல பொருள்தான். நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அது புண்ண ஆத்துறதுக்கு. நீங்க அது எரிச்சல மறைக்கிற தைரியத்துல வலி மாத்திரையக் கொட்டுறீங்க. ஒரு பக்கம் குடையப் பிடிச்சுக்கிட்டு மறுபக்கம் கூரையப் பிரிக்கிறீங்க. வலி மாத்திரைய நிறுத்தணும். நேரத்துக்குச் சோறு வேணும். மருந்த முழுசா முடிக்கணும். இவருக்கு ரெண்டு மாசம் பளு கூடாது."

செண்பகவடிவுக்குக் கேட்கக் கேட்க அடிவயிற்றிலிருந்து ஏதோ ஏறியது. கோபம்தான் என்று அவளுக்குத் தெரியும். எரிச்சலைத்தான் காவலி மறைத்திருந்தது, கோபத்தை மறைக்க அதற்குத் தெரியாது.

மறுநாள் நேரே பரஞ்சோதியின் அறைக்குப் போனாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"செவப்ப யாரு அணைச்சது?"

"நிதானமா பேசும்மா. நீங்க ரத்தம் தின்னுட்டு வருவீங்க. அது கத்தும். கப்பல் நிக்கும். தவறான எச்சரிக்கை அது. அதான் மஞ்சளையும் சேத்து அணைச்சோம்."

"வருசத்துல ஒரு கொடை. அதுக்கு வருசம் பூராவும் அணைப்பியளோ? அவன் மூணு வாரமா உள்ள ஒழுகிக்கிட்டு இருந்திருக்கான். ஒங்க மிஷினுக்குத் தெரிஞ்சிருக்குல்லா? தெரிஞ்சுகிட்டே பச்சை காட்டியிருக்குல்லா?"

பரஞ்சோதி கண்ணாடியைத் துடைத்தான். "இயந்திரத்துக்கு ஆட்டு ரத்தம், மனுஷ ரத்தம் வித்தியாசம் தெரியாது. நாங்க என்ன செய்ய?"

"மிஷினுக்குத் தெரியாது, சரி. ஒங்களுக்குமா தெரியாது?"

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கப்பல் பட்டியலை இழுத்தான். ஆனால் இசக்கி விழுந்த செய்தி வெளியே பரவியிருந்தது, விசாரணை வரும் என்ற பேச்சும் இருந்தது. அதனால் மஞ்சளையும் சிவப்பையும் திரும்பப் போட்டார்கள். கூடவே ஒரு புது விதியும் போட்டார்கள். சிவப்பு எரிந்தவர் அன்றே வாசலுக்கு வெளியே. அவர் இடத்துக்கு, வெளியே காத்து நிற்கும் பதிலாள் உள்ளே. மருந்து கிடையாது, டாக்டர் கிடையாது, திரும்ப எடுப்பதும் கிடையாது.

முதலில் போனவள் பொன்னுத்தாய். பட்டை சிவந்ததும் தோள்வலு பூட்டிக்கொண்டது. இரண்டு காவலாட்கள் வந்து கொண்டியைக் கழற்றி, வாழைத்தாரை இறக்குவது போல அவளை இறக்கி வாசலில் விட்டார்கள். "ரத்தம் தின்னியா?" என்றுகூட யாரும் கேட்கவில்லை. அதன்பிறகு மஞ்சள் எரிந்தவர்கள் பட்டைமேல் துணி சுற்றிக்கொண்டு வந்தார்கள். வயிற்றுக்குக் காவல் இருக்க வந்த பொருளைப் பார்த்துத் திருடனைப் போல ஒளிந்தார்கள். காவலி சரியாகத்தான் வேலை செய்தது. அதுதான் செண்பகவடிவுக்கு ஆத்திரம்.

இசக்கிக்குத் துணையாக விடுப்பு எடுத்து, பட்டையே கட்டாமலிருந்தவள், ஒரு நாள் மாலை ஆஸ்பத்திரியில் அவனிடம் இதைச் சொல்லிப் புலம்பினாள். அவன் கஞ்சியை உறிஞ்சிக்கொண்டே கேட்டான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தாலும் வாய் மட்டும் வெளுக்கவில்லை.

"ஒருத்திக்குச் செவந்தா வெளிய தள்ளுதான். எல்லாத்துக்கும் செவந்தா யாரத் தள்ளுவான் யக்கா?"

"எல்லாத்துக்கும் எப்படிச் செவக்கும்ல?"

"போன கொடைக்குச் செவக்கலியா? அந்த மிஷினுக்கு ஆடு எது ஆளு எதுன்னு இன்னும் தெரியாதுல்லா."

அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"ஆனா ஒண்ணு யக்கா, மொளகாயக் கொறச்சுப் போடு. பாதிப்பேருக்கு வயித்துல புண்ணு."

பழக்கப்பல் வரும் நாளாகப் பார்த்தாள். குளிர்ப்பெட்டியில் திராட்சையும் ஆப்பிளும் வரும் கப்பல். வெயிலில் இறக்கித் தாமதித்தால் அழுகிப்போகும். விடியற்காலையில் கசாப்புக் கடையில் சொல்லிவைத்த ரத்தத்தை வாங்கி, சின்ன வெங்காயமும் தேங்காயும் போட்டு, மிளகாயைக் குறைத்து, பெரிய சட்டியில் பொரித்து எடுத்தாள். வாசலுக்கு எதிரே டீக்கடையில் வைத்துப் பரிமாறினாள். செட்டு முழுக்கத் தின்றது. அடுத்த செட்டுகளும் வந்தன. வெளியே காத்து நின்ற பதிலாட்கள் தயங்கினார்கள்.

"நீங்களுந்தான். வாங்க. நாளைக்கி ஒங்களையும் இப்படித்தான தள்ளுவான்?" என்றாள். "வேலை இன்னிக்கி ஒருநா போவும். வயிறு போனா வருமா?"

அவர்களும் தின்றார்கள். சட்டியின் அடியை வழித்து லூர்துவின் இலையில் போட்டாள்.

"ஒனக்கு யக்கா?"

"தின்னு, தின்னு. எனக்குப் பசியே இல்ல." உண்மைதான். பசித்து எத்தனையோ நாளாயிற்று.

கப்பலிலிருந்து முதல் பெட்டிகள் இறங்கும்போது ஆரம்பித்தது. மேடையின் அந்தக் கோடியில் ஒரு சிவப்பு, இந்தக் கோடியில் ஒன்று. பிறகு திருவிழா விளக்குப் போட்டது போல மேடை முழுக்கச் சிவப்பு. பெட்டியைத் தூக்கியது தூக்கியபடி, குனிந்தது குனிந்தபடி தோள்வலுக்கள் பூட்டிக்கொண்டன. கப்பல் ஊதியது. மறுபடி ஊதியது.

பரஞ்சோதி வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தான். "பதிலாட்களக் கூப்பிடு!" என்றான். காவலியும் பட்டையும் போட்டே வாசலில் நின்ற பதிலாட்களுக்கும் சிவப்பு. கட்டளை அறைக்குப் பேசினான். சிவப்பை அணைக்கச் சொன்னான். போன வாரம் வந்த விசாரணைக்காரர்கள் பூட்டிவிட்டுப் போன பூட்டாம், அங்கிருந்து அணைக்க முடியாதாம்.

"என்ன நாடகம் இது?" என்று செண்பகவடிவிடம் வந்தான். "ஆட்டு ரத்தம்னு எனக்குத் தெரியாதா?"

"மிஷினுக்குத் தெரியாதுன்னு நீங்கதான சொன்னிய. ஒங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

"என்ன வேணும் உங்களுக்கு?"

"டாக்டரக் கூப்பிடுங்க. எல்லார் வயித்தையும் பாக்கட்டும். புண்ணு இருந்தா மருந்து, முடியிறவரைக்கும். ரெண்டு மாசம் பளு இல்லாத வேலை. மணியடிச்சு நேரத்துக்குச் சோறு. வாசல்ல வலி மாத்திர அள்ளிக் கொடுக்கது இன்னியோட நிக்கணும். பொன்னுத்தாய் உள்ள வரணும். இம்புட்டுத்தான்."

பரஞ்சோதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தில் வரும் சிரிப்பு. "வரட்டுமே. டாக்டர் வந்து பார்த்தா எல்லாம் பொய்னு தெரியும். ஆட்டுக்கா மருந்து கொடுப்பாங்க? ஒருத்தருக்கு, ஒரே ஒருத்தருக்கு உண்மையான ரத்தம்னு காட்டு பார்ப்போம்." அவளுடைய கையைப் பார்த்தான். "தலைவியே தின்னுட்டு வந்திருக்கு. கையைப் பாரு!"

அப்போதுதான் அவள், விடுப்பு முடிந்து அன்று காலை மறுபடி கட்டிய தன் பட்டையைப் பார்த்தாள். சிவப்பு. எல்லாருக்கும் எரிந்த பரபரப்பில் தன்னுடையது எரிந்ததை அவள் கவனிக்கவில்லை. கையை அசைத்துப் பார்த்தாள். தோள்வலு பூட்டியிருந்தது.

இரண்டடி தள்ளி, பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி உறைந்து நின்ற லூர்துதான் முதலில் வாய் திறந்தான்.

"யக்கா... நீ தின்னவே இல்லியே."

தலைகள் அவளுடைய பட்டையின் பக்கம் திரும்பின.

"சட்டிய வழிச்சு எனக்குத்தான போட்ட. பசியில்லன்னு சொன்னியே யக்கா."

கறுப்பாகப் போனது இரும்புச்சத்து மாத்திரையால். கண் இருட்டியது வெயிலால். பசிக்காதது கோபத்தால். ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு காரணம் வைத்திருந்தாள், இசக்கி வைத்திருந்தது போலவே. அடுத்தவன் வயிற்றுக்காகக் கத்திய இத்தனை நாளும் தன் வயிறு உள்ளே விட்டுவிட்டு ஒழுகிக்கொண்டிருந்ததை, அவள் ஏசிய அந்தப் புளியங்கொட்டைக் காவலிதான் பார்த்துச் சொல்லியிருக்கிறது.

பரஞ்சோதியின் சிரிப்பு பாதியில் நின்றது. அவன் மேடையைச் சுற்றிப் பார்த்தான். எங்கே திரும்பினாலும் சிவப்பு. இதில் எது ஆடு, எது ஆள்? அவனுக்குத் தெரியவில்லை. முதல்முறையாக அவனுக்கும் இயந்திரத்துக்கும் ஒரே அளவு அறிவு.

பட்டையில் எழுத்து ஓடியது. செண்பகவடிவு எழுத்துக் கூட்டிப் படித்தாள்: உட்காருங்கள். மருத்துவர் வரும்வரை எழுந்திருக்க வேண்டாம்.

அவள் காவலாட்களிடம் கொண்டியைக் கழற்றச் சொல்லி மேடையில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து, கழன்றவர் அடுத்தவர் கொண்டியைத் தட்டிவிட, ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பெட்டிக்குள் திராட்சை வெந்துகொண்டிருந்தது.

"ஒருத்தரக் காட்டுன்னு கேட்டியள்லா," என்றாள் அவள். குரல் கம்மியிருந்தது, கோபம் கம்மவில்லை. "இந்தா இருக்கேன். கூப்பிடுங்க டாக்டர."