வெண்கலமாய் மாறிய வயல்

"பக்கத்து வயல் ஆர்ச்சிதான் என் வயலைக் கொன்னுட்டான், மேடம்!" என்றபடி கார்னீலியஸ் டைக் ஒரு பிடி பீன்ஸ் இலைகளை மேசைமேல் போட்டார். அந்த ஆகஸ்டில் பச்சையாக இருந்திருக்க வேண்டிய இலைகள் வெண்கல நிறமாகியிருந்தன. "வியாழக்கிழமை அவன் வயல்ல களைக்கொல்லி அடிச்சான். சனிக்கிழமை இப்படி. முப்பது வருஷப் பழக்கம் கோர்ட்டுல முடியப்போகுது."

பயிர்நோய் ஆய்வாளர் ஈடித் ஹாலவே இலையைத் திருப்பினார். அடிப்பக்கம் பச்சை மாறவில்லை.

"வியாழக்கிழமை காத்து எந்தப் பக்கம்?"

"ஏரிக்காத்து. எங்க கொடித்துணி பறந்து அவன் வேலியில சிக்குச்சு."

உதவியாளர் லாயிட் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். "மருந்தும் இருக்கு, ஆளும் இருக்கான். பிடிச்சாச்சு!" என்று எழுந்துவிட்டார்.

"முதல்ல வயலைப் பாப்போம், லாயிட்."

வயலுக்குத் தெற்கே ஈரி ஏரி. வடக்கே ஆர்ச்சி மெக்கலமின் வேலி. வேலியோரத்திலும் கரையோரத்திலும் சேதம் ஒரே அளவு. முதிர்ந்த இலைகள்தான் கருகியிருந்தன. தளிர்கள் பளிச்சென்று இருந்தன.

வேலிக்கு அப்பால் நின்ற ஆர்ச்சியிடம் அவருடைய பீன்ஸ் வயலைக் காட்டச் சொன்னார் ஈடித். ஆர்ச்சி தயங்கினார். லாயிட்டின் கண்கள் மின்னின. ஆனால் அங்கேயும் அதே வெண்கலம்.

"டைக்தான் ஏதோ தெளிச்சிருப்பான்னு நெனைச்சேன்," என்றார் ஆர்ச்சி. "கேட்டா சண்டை வரும்னு வாயை மூடிக்கிட்டேன்."

"களைக்கொல்லின்னா தளிர்தான் முதல்ல சுருளும். வேலிகிட்ட சேதம் அதிகமா இருக்கும். அதோட, துணி போன திசையிலதான் மருந்தும் போயிருக்கும். டைக் வயலுக்கு வந்திருக்காது," என்றார் ஈடித். "வந்தது ஏரிக்கு அந்தப்பக்கத்துலேருந்து. நகரத்துக் கார்ப்புகையும் ஆலைப்புகையும் வெயில்ல வெந்து ஓசோன்ங்கிற நச்சுவாயுவா மாறுது. இலை மூச்சுவிடுறப்போ உள்ளே போய்க் கருக்கிடுது. கரை முழுக்க இப்படித்தான். குளிர்காலத்துல எத்தனை வீட்டுல பீன்ஸ் குறையப்போகுதோ!"

"அப்ப நான் யார்மேல கேஸ் போடறது?"

"கார் ஓட்டுற எல்லார் மேலயும். என்னையும் சேத்துத்தான்."

லாயிட் குறிப்பேட்டை மெல்ல மூடினார். டைக் வேலிப்பக்கம் திரும்பினார்.

"உனக்கு எவ்வளவு போச்சு, ஆர்ச்சி?"

"பாதி."

"எனக்கும்."

"இதுலயும் சில செடி பச்சையா நிக்கும்," என்றார் ஈடித். "அதுங்க விதை எனக்கு வேணும். இந்தக் காத்தைத் தாங்குற ரகம் அதுலேருந்துதான் வரணும்."

டைக் ஒரு கோடியிலிருந்தும் ஆர்ச்சி மறு கோடியிலிருந்தும் குனிந்து தேடினார்கள். வெயில் சாய்வதற்குள் பதினோரு செடிகள் கிடைத்தன.