தாழிட்ட அறையில் ஒரு நிமிடம்

அமைச்சரைக் கொல்ல வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

அரசியல் திகில் படங்களுக்கு மட்டுமே திரைக்கதை எழுதும் அவருக்கு இது பன்னிரண்டாவது படம். எந்தக் கொலையிலும் அவர் இப்படி முட்டி நின்றதில்லை. அறைக்கு ஒரே கதவு, உள்ளே தாழ்ப்பாள். சன்னல் முழுக்கக் கம்பி. கொலைகாரன் எப்படி உள்ளே வந்தான், எப்படி வெளியே போனான்? இரண்டுக்கும் பதில் இருந்தால்தான் காட்சி நிற்கும். இல்லையென்றால் பார்ப்பவன் கொட்டாவி விடுவான்.

அதற்காகவே அந்தப் பழைய வீட்டை ஒரு வாரத்துக்கு எடுத்திருந்தார். முப்பது வருடம் முன்பு ஒரு கட்சித் தலைவர், அங்கே உள்ளே தாழிட்ட அறையில், நாற்காலியில் கழுத்து நெரிந்து கிடந்தார். கொன்றவன் பிடிபடவேயில்லை. அதே அறை, அதே நாற்காலி. இடத்தைப் பார்த்தால் வழி தானாகப் புலப்படும் என்று நம்பினார்.

காலை பத்து மணிக்கு அவரும் மனைவியின் தம்பியும் வந்து சேர்ந்தார்கள். அறையில் ஈரச் சுவரின் வாடை. அதற்கு அடியில் ஒரு புழுக்கம். யாரோ வெகுநேரமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் அறையைப் போல.

"பதினொரு படத்துல எத்தனை மந்திரிங்களைக் காலி பண்ணியிருக்கீங்க மாமா. வீட்டுல ஒரு கரப்பான் பூச்சின்னா அக்காவைக் கூப்பிடுறீங்க."

"கரப்பான் பறக்குது மச்சான். மந்திரி பறக்க மாட்டாரு. அந்த நாற்காலியில உட்காரு."

திரைக்கதையில் ஒரு பக்கம் என்பது திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம். அதனால் கொலையை எழுதுவதற்கு முன் மச்சானை நடிக்கவைத்து, நிறுத்து கடிகாரத்தில் நேரம் பார்ப்பார். எந்த நொடியில் கால் உதறும், எந்த நொடியில் அடங்கும் என்று குறித்துக்கொள்வார். ஒரே ஒரு விதி உண்டு. நிமிடம் முடியும்வரை யாரும் நிறுத்தக்கூடாது. பாதியில் நிறுத்தினால் கணக்கு தப்பிவிடும்.

தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கதவில் சாய்ந்து நின்றார்.

"கொல்றது யாரு மாமா?"

"அவன் எப்படி வர்றான்னே இன்னும் தெரியல. நீ நெரிபடற மாதிரி நடி, போதும்."

கடிகாரத்தை அழுத்தினார்.

பத்தாவது விநாடியில் மச்சானின் சிரிப்பு நின்றது.

"மாமா, பின்னாடி..."

தலை வெடுக்கென்று பின்னால் சாய்ந்தது. கால்கள் தரையை உதைத்தன. ஒரு செருப்பு சுவரில் மோதி விழுந்தது. 'கால் உதறல், பதினான்கு' என்று அவர் எழுதிக்கொண்டார்.

நன்றாக நடிக்கிறான்.

மச்சான் தன் கழுத்தைத் தானே பிறாண்டினான். நகத்தோடு தோலும் வந்தது. இருபத்தாறு.

முப்பத்தொன்றில் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது.

ரத்தம்.

மேக்கப் சாமான் எதையும் அவர்கள் கொண்டுவரவில்லை.

அப்போதுதான் கழுத்தைப் பார்த்தார். சதை பத்து இடங்களில் குழிந்திருந்தது. குழிகளில் விரல்கள் இல்லை.

கடிகாரத்தை வீசிவிட்டுப் பாய்ந்தார். வெறுங்காற்றில் அவர் கைக்கு அகப்பட்டது, மரக்கட்டை போல் தடித்த, சில்லிட்ட ஒரு மணிக்கட்டு. அது அவரை ஒரே வீச்சில் சுவரில் அறைந்தது. தாடை உடைந்தது. பற்கள் நாக்கில் உதிர்ந்தன.

தரையில் கிடந்தபடியே மச்சானின் கழுத்தெலும்பு முறியும் சத்தத்தைக் கேட்டார்.

இருபத்தொரு விநாடி வேடிக்கை பார்த்துவிட்டோம்.

எழ முடியாத அவரால் தொலைபேசியில் முனக மட்டுமே முடிந்தது. அழைப்பு வந்த இடத்தைக் கண்டுபிடித்து, கதவை உடைத்துக்கொண்டு போலீஸ் உள்ளே வந்தபோது மதியம் ஆகியிருந்தது. உடலைத் தூக்கிப் போனார்கள். ஆம்புலன்ஸ் ஊழியர் அவர் தாடைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்க, இன்ஸ்பெக்டர் அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"கழுத்துல இருக்கிற தடம் உங்க கையைவிட ரொம்பப் பெருசு சார். அதனாலதான் மரியாதையா கேக்கிறேன். உள்ள தாழ்ப்பாள், சன்னல்ல கம்பி. கொன்னவன் எப்படி உள்ள வந்தான்? எப்படி வெளிய போனான்?"

வாய் திறக்க வரவில்லை. பேனாவை வாங்கி, தன் திரைக்கதைத் தாளில் கோணல்மாணலாக எழுதினார்.

'அவன் உள்ளே வரவில்லை. முப்பது வருடமாக இந்த நாற்காலிக்குப் பின்னால்தான் நிற்கிறான். வெளியே போகவும் இல்லை. எழுந்திருங்கள்.'