கடைசிப் பக்கத்தில் கொலை

"மேடம்... கொலை!"

போனில் பதிப்பாசிரியரின் குரல் நடுங்கியது.

"யாரு சார்?"

"நம்ம மந்திரவாதி! டிராகன் கதை மூணாம் பாகம், கடைசிப் பக்கம். சூப் குடிக்கறார்... நுரை தள்றார்... போயிட்டார்!"

நாவலாசிரியையின் வாயில் இருந்த பேனா மடியில் விழுந்தது.

"நான் கொல்லலை சார்!"

"கையெழுத்துப் பிரதியை டைப் பண்ணி அனுப்பினது உங்க வீட்லேர்ந்துதானே? ப்ரூஃப் பாக்கறவர் மேஜையில கவுந்து அழுதுக்கிட்டிருக்கார்!"

அவளுக்கும் அழுகை வந்தது. அந்த மந்திரவாதியை நம்பித்தானே நாலாம் பாகத்தில் நூற்றெண்பது பக்கம் எழுதி வைத்திருக்கிறாள்! முதல் பக்கத்திலிருந்தே அவர்தான் ஹீரோ!

"அந்தப் பக்கத்தை எடுத்துடுங்க சார்!"

"எடுத்தா கதைக்கு முடிவு ஏது? பன்னிரண்டு மணிக்கு அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள சரியான பக்கம் வரணும். வரலைன்னா... செத்தவர் செத்தவர்தான்!"

க்ளிக்.

மணி பதினொன்று பத்து.

நாவலாசிரியை எழுந்தாள். சாப்பாட்டு மேஜைதான் அவள் ஆபீஸ். ஒரு மூலையில் நாலாம் பாகம். இன்னொரு மூலையில் வாரப் பத்திரிகைத் தொடர். நடுவில் கணவரின் காபி டம்ளர்.

முதல் சந்தேகம் அந்த டம்ளரின் சொந்தக்காரர் மேல்தான் விழுந்தது!

"ஏங்க! 'அந்தக் கிழவன் ரொம்பப் பேசறான், போட்டுத் தள்ளு'ன்னு சொன்னது நீங்கதானே?"

பேப்பருக்குப் பின்னாலிருந்து கணவர் தலையை நீட்டினார்.

"சொன்னேன். அதுக்காக நானே போய் விஷம் வெப்பேனா? எனக்கு சூப்பே சுட வெக்கத் தெரியாதே!"

நியாயம்தான். இருபது வருஷத்தில் அவர் அடுப்பைப் பற்றவைத்து அவள் பார்த்ததில்லை.

அடுத்த சந்தேகம்... நாத்தனார்!

கதை முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றுபவள் அவள்தான். பக்கத்து அறைக்குள் புயலாக நுழைந்தாள் நாவலாசிரியை.

"உண்மையைச் சொல்லு! கடைசிப் பக்கத்துல என்ன டைப் பண்ணின?"

"நீங்க எழுதினதைத்தான் அண்ணி! நானே ஒரு பாட்டம் அழுதுட்டுத்தான் டைப் பண்ணினேன்."

பச்சை க்ளிப் போட்ட டிராகன் கதைக் கட்டைத் தூக்கிப் போட்டாள் நாத்தனார். நாவலாசிரியை கடைசித் தாளை உருவினாள்.

அவளுடைய கையெழுத்தேதான்!

'கிழவர் சூப்பைக் குடித்தார். நுரை தள்ளியது...'

கட்டிலில் உட்கார்ந்தாள்.

"இது... என்னோட இன்னொரு புத்தகம், அந்தத் துப்பறியும் கதையில வர்ற கிழவர்டி! மாயாபுரி நகைக்கடைக்காரர்! முதல் அத்தியாயத்துல சாகறவர்!"

எழுதும்போது அவள் யாருக்கும் பெயர் வைக்க மாட்டாள். கிழவர், தளபதி, ராணி... அவ்வளவுதான். எது எந்தக் கட்டில் இருக்கிறது என்று பார்த்து, நாத்தனார்தான் டைப் செய்யும்போது பெயர்களைப் போடுவாள். இரண்டு கதைக்கும் திருத்தம் எழுதிய அன்று, இரண்டு கிழவர்களும் ஒரே மேஜையில் கிடந்திருக்கிறார்கள். தாள்களை மாற்றி க்ளிப் மாட்டிய கை...

"அப்போ கொலைகாரி..." என்றாள் நாத்தனார்.

"நானேதான்!"

"அண்ணா! கண்டுபிடிச்சாச்சு!" என்று நாத்தனார் கத்தினாள்.

"அதெல்லாம் அப்புறம்! துப்பறியும் கதையோட கட்டு, அந்தச் சிவப்பு க்ளிப் எங்க?"

பீரோ மேல் கிடந்தது. முதல் அத்தியாயத்தின் கடைசித் தாளைப் பிரித்தாள் நாவலாசிரியை. கண்கள் மின்னின.

'செத்துவிட்டார் என்று எல்லாரும் நினைத்த கிழவர் எழுந்து உட்கார்ந்தார். தன் கோலைக் கேட்டார். ஜன்னலில் காத்திருந்த டிராகன் மேல் ஏறிப் பறந்தார்!'

"உயிரோட இருக்கார்டி! டைப் பண்ணு!"

நாத்தனாரின் விரல்கள் பறந்தன. மந்திரவாதியின் பெயர் ஏறியது. பதினொன்று ஐம்பத்தாறுக்குப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

ஐம்பத்தெட்டுக்குப் பதிப்பாசிரியர் கூப்பிட்டார்.

"பொழைச்சுட்டார் மேடம்! ப்ரூஃப் பாக்கறவர் எல்லாருக்கும் டீ வாங்கித் தர்றார்!"

நாவலாசிரியை நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள். நூற்றெண்பது பக்கமும் தப்பித்தது! கணவரே வந்து கை குலுக்கினார்.

மறுபடி போன்.

இந்த முறை... துப்பறியும் கதையின் பதிப்பாளர்!

"மேடம், புத்தகம் நேத்தே கடைக்குப் போயிடுச்சு. வாசகர்ங்க போன் மேல போன் போடறாங்க. முதல் அத்தியாயத்துல கொலையான நகைக்கடைக்காரர் எழுந்து டிராகன் மேல ஏறிப் போயிடறார்! மிச்ச இருநூறு பக்கமும் நம்ம துப்பறிபவர் யாரோட கொலையைத்தான் விசாரிக்கறார்?"

நாவலாசிரியை கணவரைப் பார்த்தாள். நாத்தனாரைப் பார்த்தாள். பிறகு கெத்தாகச் சொன்னாள்.

"அதைத்தான் சார் அவர் இருநூறு பக்கமா கண்டுபிடிக்கப் பாக்கறார்!"