தொண்ணூற்றாறு மதிப்பெண் தூக்கம்

செவ்வாய்க் கிரகத்தின் ஏழாம் கூண்டுக் குடியிருப்பில் தூங்கி எழுந்ததும் யாரும் முகம் கழுவ ஓடுவதில்லை. முதலில் வாசல் கதவைத் திறந்து, எதிர்வீட்டார் எத்தனை மதிப்பெண் தூங்கியிருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு கதவின் மேலும் சின்னதாக ஒரு பச்சைப் பலகை. ஆள் எழுந்ததும் எண் தானாக ஏறிவிடும். எதிர்வீட்டுக் குஞ்சிதபாதத்துக்குத் தொண்ணூறுக்குக் குறைந்து யாரும் பார்த்ததில்லை. மனிதர் அதற்காகவே கதவோரம் நின்று பல் தேய்ப்பார்.

தணிகாசலத்தின் கதவில் ஒன்பது நாளாகப் பன்னிரண்டு, இருபத்தொன்று, எட்டு என்றே வந்துகொண்டிருந்தது. அவர் மனைவி வேதவல்லி பலகைமேல் ஈரத்துண்டைக் காயப்போட்டு மறைத்துப் பார்த்தாள். ஒரு துண்டு ஒன்பது நாளாகவா காயும்? வரிசை முழுக்கப் பேசியது.

பேச்சு கிடக்கட்டும், விஷயம் பெரியது. தணிகாசலம் கூண்டின் மேற்கூரை ஒட்டுகளைச் சோதிப்பவர். ஓர் ஒட்டு விட்டுப்போனால் காற்று வெளியே போய்விடும். அதன் பின்னாலேயே குடியிருப்பும். ஆகவே அந்த வேலையில் இருப்பவர்கள் ஆண்டுக்கொரு முறை மருத்துவரிடம் தூக்கச் சான்று வாங்கவேண்டும். எழுபதுக்குக் குறைந்தால் வேலை போயிற்று. வேலை போனால் ஜன்னல் வைத்த இந்த வீட்டைக் காலி செய்து, தரைக்கடியில் ஐந்தாம் தளத்துக்கு இறங்கவேண்டும். வேதவல்லி அந்த ஜன்னலைப் பார்த்துத்தான் கழுத்தை நீட்டினாள் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கெதற்கு வம்பு.

சான்றுக்கு மறுநாள் போகவேண்டும். தணிகாசலம் அடுப்படிக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தார். பதினோரு அடி. திரும்பினால் மறுபடியும் பதினோரு அடி.

"என்னங்க, கண்ணை மூடிட்டு சும்மா படுங்களேன்."

"சும்மாதான் படுக்கிறேன். விடமாட்டேங்குது."

"எது விடமாட்டேங்குது?"

"அது தெரிஞ்சா நான் ஏன் உன்கூடப் பேசிட்டிருக்கேன்?"

கடைசியில் பாலக்காரி இம்மாகுலேட்டைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

அங்கே தூக்கம் தானாக வருவதில்லை, கூப்பிட்டால்தான் வரும். பணிநேரம் வாராவாரம் மாறுவதால் எல்லோர் பிடரியிலும் ஓர் உட்பொறி. அது பேசுவது நாகரிகமான மேல்மொழி. ஆனால் தூங்குவது, கொட்டாவி விடுவது, விக்குவது எல்லாம் மூளையின் அடியில் ஆதிநாளிலிருந்து கிடக்கும் செயற்கூறுகள். அவற்றைச் சேர்த்துவைத்திருக்கும் அடிநூலகத்துக்கு மேல்மொழியில் ஒரு சொல்கூடப் புரியாது. இரண்டுக்கும் நடுவில் ஓர் அறிவிப்புத் தாள்: எந்தச் செயற்கூறைக் கூப்பிடுகிறோம், அதன் கையில் என்ன கொடுக்கிறோம், அது என்ன திருப்பித் தரும். இந்தத் தாளுக்குத்தான் பாலம் என்று பெயர்; அதை எழுதித் திருத்துபவள் பாலக்காரி. அதில் தப்பாக எழுதிவைத்தால் அடிநூலகம் சண்டைக்கு வராது. வாயே திறக்காமல் தன்பாட்டுக்கு வேலையைச் செய்துவிட்டுப் போகும். போன வருஷம் ஒருவருடைய தாளில் கொட்டாவி இருக்கவேண்டிய இடத்தில் விக்கலை எழுதிவிட்டார்கள். மனிதர் தன் நிச்சயதார்த்தம் முழுக்க விக்கிக்கொண்டிருந்தார். பெண்வீட்டார் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இம்மாகுலேட் தணிகாசலத்தின் பிடரியில் படிப்பானை ஒட்டிவைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"அண்ணே, உங்க தூக்கத்துல ஒரு குறையும் இல்ல. தாள்லதான் தப்பு. 'தூங்கு'ன்னு கூப்பிட்டா அது ஒரு எண்ணைத் திருப்பித் தரும்னு எழுதியிருக்கு."

"தராதா?"

"தூங்க வைக்கும். அதோட சரி. ஒண்ணும் திருப்பித் தராது."

வேதவல்லி குறுக்கே வந்தாள். "அப்போ கதவுல வர்றது என்ன?"

"எண் இருக்கும்னு நம்பி உட்பொறி அந்த இடத்துல கையை விடுதுக்கா. அதுக்கு முன்னாடி அங்க வேலை செஞ்சது எதையோ போட்டுட்டுப் போயிருக்கும். கைக்குக் கிடைச்சதை எடுத்து மதிப்பெண்ணுன்னு காட்டுது. எழுபதுக்குக் கீழன்னா, ஆள் தூங்கலைன்னு நினைச்சு மறுபடி கூப்பிடுது. அண்ணனுக்குக் கண் சொருகுறப்பல்லாம் வந்து தூங்கு தூங்குன்னு உலுக்கினா, அவர் எங்க தூங்குவாரு?"

"எதிர்வீட்டாருக்கு மட்டும் தொண்ணூறு வருதே?"

"அவருக்கு அந்த இடத்துல கிடக்கிற குப்பை பெருசா இருக்குக்கா."

வேதவல்லிக்கு ஒன்பது நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

இம்மாகுலேட் ஒரே ஒரு வரியை மாற்றினாள்: எதையும் திருப்பித் தராது. தணிகாசலம் கையில் காபித் தம்ளரோடு சரிந்தவர்தான். எட்டு மணிநேரம் அசையவில்லை. குறட்டை பொறுக்காமல் பக்கத்து வீட்டார் மூன்று முறை சுவரைத் தட்டினார்கள்.

எழுந்ததும் நேரே கதவுக்குப் போனார். பலகையில் ஒரு கோடு மட்டும் இருந்தது.

"வேதா, நான் தூங்கினேனா?"

"குறட்டை விட்டீங்க."

"எவ்வளவு?"

"எவ்வளவுன்னா? உக்காந்து எண்ணிட்டா இருப்பேன்?"

உடம்பு பஞ்சாக இருந்தது. மனசுதான் அரிக்க ஆரம்பித்தது. பல் தேய்த்துக்கொண்டிருந்த குஞ்சிதபாதம் வேறு, "என்ன தணிகாசலம், பூஜ்யத்துக்கும் கீழ ஏதாவது புதுசா கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்று விசாரித்தார்.

மருத்துவர் அருமைநாயகம் கண்ணைப் பார்த்தார், நாடி பார்த்தார், ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். எல்லாவற்றிலும் தேறினார் தணிகாசலம்.

"உடம்பு பிரமாதம். மதிப்பெண்?"

"வரலை டாக்டர். ஆனா நல்லா தூங்கினேன்."

"யார் சொன்னா?"

"நான்தான்."

"தூங்கினவர் எப்படிச் சாட்சி சொல்லமுடியும்? முழிச்சிருந்தாத்தானே தெரியும்?"

"நான் முழிச்சிருந்து பார்த்தேன் டாக்டர்," என்றாள் வேதவல்லி.

"நீங்க சம்சாரம்மா. உங்க பேச்சு செல்லாது. படிவத்துல கட்டம் இருக்கு, காலியா விட்டா ஏத்துக்காது. அஞ்சு மணிக்குள்ள ஒரு எண்ணோட வாங்க. இல்லேன்னா தகுதி இல்லைன்னு போடறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல."

மணி நாலே கால். நடைபாதையில் நின்றபடி மறுபடியும் இம்மாகுலேட்டை வரவழைத்தார்கள்.

"பழையபடியே எழுதிக் குடும்மா," என்றார் தணிகாசலம்.

"அண்ணே, தூக்கம் மறுபடி போயிடும்."

"தூக்கம் போனா எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும்," என்றாள் வேதவல்லி. "நம்பர் போனா ஊருக்கே தெரியும். நீ எழுது."

கூரை ஒட்டுகளைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை.

வரி மாறியது. நின்ற நிலையிலேயே உட்பொறி தூக்கத்தைக் கூப்பிட்டது. தணிகாசலத்துக்கு முழங்கால் மடங்கியது. வேதவல்லி அக்குளில் கைகொடுத்துப் பிடித்தாள். இம்மாகுலேட்டின் படிப்பானில் பதினாலு. உலுக்கி எழுப்பினார்கள். மறுபடி கூப்பிட்டது. நாற்பத்தொன்று. அதற்கப்புறம் எட்டு. மணி நாலே முக்கால்.

"முன்னாடி அங்க ஓடினது விட்டுட்டுப் போறதுதானே எண்ணா வருது. வேற எதையாவது நினைங்கண்ணே."

அவர் ஐந்தாம் தளத்துப் படிக்கட்டை நினைத்தார். ஆறு வந்தது.

வேதவல்லிக்குப் பொறுமை போயிற்று. புருஷனின் மேல்கையைப் பிடித்து, நகம் பதிய ஒரு கிள்ளு கிள்ளினாள்.

தொண்ணூற்றாறு.

மூவரும் உள்ளே ஓடினார்கள். மருத்துவரின் படிப்பான் கடைசி எண்ணைத்தான் படிக்கும். எப்போது, எங்கே என்று கேட்காது. அருமைநாயகம் சான்றில் முத்திரை வைத்துவிட்டு, கையைத் தேய்த்துக்கொண்டு கண்ணில் நீர் முட்ட நின்ற தணிகாசலத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லா தூங்கினவங்க முகமே தனிதான்," என்றார்.

பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"வெளியில சொல்லிடாதீங்க. எனக்கு மூணு வாரமா முப்பதைத் தாண்டலை."

இம்மாகுலேட் பையைத் திறந்தாள். "உட்காருங்க டாக்டர். ஒரு வரிதான். மாத்திட்டேன்னா இன்னைக்கே அசந்து தூங்குவீங்க."

"தூக்கம் கிடக்கட்டும்மா. அதுக்கா இப்ப அவசரம்?" மருத்துவர் குரலைத் தாழ்த்தினார். "இவருக்குத் தொண்ணூத்தாறு வந்துதே, அது எப்படி?"

வேதவல்லி வளையல்களை முழங்கை வரைக்கும் தள்ளிவிட்டுக்கொண்டு எழுந்தாள்.