அவள் பெயரில் இன்னொரு கை

1977 ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை சரோஜாதேவி மந்தைவெளியில் அந்த மாடியறைக்குக் குடிவந்தாள். தந்தி ஆபீசில் வேலை. ஓய்வு நேரமெல்லாம் அமெச்சூர் ரேடியோ, அதாவது வீட்டிலிருந்தே வெளியூர்க்காரர்களோடு ரேடியோவில் பேசுவது. சைக்கிள் விளக்கு எரியவே மூன்று வாட் வேண்டும். அவள் தானே செய்த டிரான்ஸ்மிட்டரின் சக்தி இரண்டே வாட். அதை வைத்துக்கொண்டு, அதிகம் பேரோடு பேசுபவருக்கே வெற்றி என்ற உலகப் போட்டியா என்று ரேடியோ சங்கத்து ஆண்கள் சிரித்தார்கள். இந்தத் தடவை நூறு பேருடன் பேசிவிட்டுத்தான் ஓய்வது என்று வந்திருந்தாள்.

பின்புறத் தென்னைகளுக்கு நடுவே ஏற்கெனவே ரேடியோ ஏரியலாக ஒரு செம்புக் கம்பி கட்டியிருந்தது.

"இது யாரோடது மாமா?"

வீட்டுக்காரர் வேம்பு நிமிர்ந்து பார்க்கவில்லை. "முன்னே குடியிருந்த ராஜரத்தினம் கட்டினது. வேணும்னா உபயோகிச்சுக்கோ. எங்காத்துல யாரும் மாடிக்கு வரமாட்டா."

போட்டி நடந்த ஞாயிறு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மூன்று மணிக்கே அறை இருண்டு, சுவரில் ஈரச் சுண்ணாம்பு வாடை. கொழும்பை அழைத்தாள். மோர்ஸ் தட்டலில் பதில் வந்தது: பத்து நிமிடம் முன்புதானே பேசினோம்?

பத்து நிமிடம் முன்பு அவள் கீழே குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

சிங்கப்பூரும் அதையே சொன்னது. எவனோ ரேடியோவில் தன் பெயராக இருக்கும் அழைப்புக்குறியைத் திருடுகிறான் என்று எரிச்சலோடு காதை மட்டும் கொடுத்து உட்கார்ந்தாள்.

வந்தது. அவளுடைய அழைப்புக்குறியேதான். அத்தனை பலமாக வர வேண்டுமானால் ஆள் இதே வீட்டில் இருக்க வேண்டும். எட்டு வருடத் தந்தி அனுபவத்தில் ஒவ்வொருவர் தட்டும் விதமும் அவளுக்குக் கையெழுத்து போல. இது அவசரக் கை. மூச்சுவிட நேரமில்லாத கை.

பேட்டரி வயரைப் பிடுங்கினாள்.

சத்தம் நிற்கவில்லை.

ஹெட்போனைக் கழற்றினாள்.

அப்போதும் கேட்டது. மேசையிலிருந்து.

தட்டி அனுப்பும் மோர்ஸ் கீ தானாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ மயிர் பொசுங்கும் நாற்றம். அமுக்கி நிறுத்தப் பார்த்தாள். விரலுக்கடியில் அது இன்னும் வேகமாகத் துடித்தது; அந்தத் தட்டலை அவள் காது வார்த்தைகளாகப் படித்தது.

இன்னும் பதினோரு பேர். கையை எடுக்காதே. இன்னும் பதினோரு பேர்.

எடுக்க முடியவில்லை. விரல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

இடக்கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்த இழுப்பில் நாற்காலியோடு விழுந்து, எழுந்து, படியில் உருளாத குறையாகக் கீழே வந்தாள்.

"யார் மாமா அந்த ராஜரத்தினம்?"

வேம்பு மழையைப் பார்த்தபடி சொன்னார். "இதே போட்டிதான். நாலு வருஷமாச்சு. இடி கம்பி வழியா இறங்கிடுத்து. செத்தப்புறமும் அந்தக் கீயிலேர்ந்து கையைப் பிரிச்செடுக்கவே முடியலைம்மா."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொன்னா யார் குடிவருவா?"

எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அன்றே கே.கே. நகரில் அண்ணன் ஜவஹர் வீட்டுக்குப் போய்விட்டாள். அதன்பிறகு ரேடியோவைத் தொடவில்லை.

மார்கழியில் சங்கத்தின் வழியாகக் கார்டுகள் வரத் தொடங்கின. பேசியதை உறுதிசெய்து ரேடியோக்காரர்கள் அனுப்புகிற கார்டுகள். ஜப்பான், சிங்கப்பூர், கொழும்பு. எல்லாம் அவள் அழைப்புக்குறிக்கு, எல்லாம் அவள் மந்தைவெளி வீட்டைவிட்டு வந்த பிறகான தேதிகளில்.

கொழும்புக்காரர் அடியில் எழுதியிருந்தார்: "தினமும் உங்களைக் கேட்கிறேன். இப்போதெல்லாம் கை மிகவும் நடுங்குகிறதே. நீங்கள் தூங்குவதே இல்லையா?"

அடுப்படியிலிருந்து அண்ணி தேவானை அதட்டினாள். "இன்னா சரோஜா, காலைலேர்ந்து டொக்கு டொக்குன்னு மேசையைத் தட்டிக்கினே கீறே?"

அப்போதுதான் சரோஜாதேவி தன் வலக்கையைப் பார்த்தாள்.